கல்லூரியில் வென்ற பயிற்சியாளர் என்பிஏவில் ஏன் தடுமாறுகிறார்? அவரோடு நான் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணியில் வீடியோ மற்றும் தரவுப் பகுப்பாய்வு வேலை பார்க்கிறேன். படிக்க வந்து, எச்-1பி விசாவில் இங்கேயே வேலையில் சேர்ந்தவன். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் சில வருடங்களாகத் தொடர்ந்து வென்றுவருகிறார். இப்போது என்பிஏ (தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணி ஒன்று அவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. போவதானால் என்னையும் அழைத்துச்செல்வதாகச் சொல்கிறார். "கல்லூரிப் பயிற்சியாளர்கள் அங்கே இரண்டு மூன்று வருடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை, அவசரப்படாதே" என்கிறார்கள் நண்பர்கள். அது உண்மையா? ஏன் அப்படி நடக்கிறது? நான் போகலாமா?

பதில்: நண்பர்கள் சொல்வது பெருமளவு உண்மை. இருந்தாலும் நீங்கள் போகலாம் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் பயிற்சியாளருக்கு இருக்கும் ஆபத்தும் உங்களுக்கு இருக்கும் ஆபத்தும் ஒன்றல்ல. முதலில் அவருடையதைப் பார்ப்போம்.

பட்டியல் நீளமானது. லாஸ் வேகஸ் பல்கலைக்கழகத்துக்கு 1990இல் தேசியப் பட்டம் வாங்கித்தந்த ஜெர்ரி டார்கேனியன், 1992இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குப் போய் இருபதே ஆட்டங்களில் வெளியேற்றப்பட்டார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து நெட்ஸ் அணிக்குப் போன ஜான் கலிபாரி மூன்றாவது பருவத்தில் 3 வெற்றி, 17 தோல்வி என்ற நிலையில் வேலையை இழந்தார். பின்னர் கல்லூரிக்கே திரும்பி 2012இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கித்தந்தார். சிகாகோ புல்ஸில் டிம் ஃபிளாய்டின் கணக்கு 49 வெற்றி, 190 தோல்வி. ஃபிளாய்டைக் குறைசொல்லுமுன் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1998-99 பருவத்தில் அவர் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது நட்சத்திரங்கள் ஜோர்டன், பிப்பன், பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் மூவருமே போய்விட்டிருந்தார்கள். இது பலருக்கும் பொருந்தும். நன்றாக ஆடும் அணி புதுப் பயிற்சியாளரைத் தேடுவது அபூர்வம். கல்லூரியிலிருந்து அழைக்கப்படுபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஏற்கெனவே நொறுங்கிப்போன அணிதான்.

அதனால் மட்டும் எல்லாத் தோல்விகளையும் மன்னித்துவிட முடியாது. வேர் எங்கே என்று தெரிய வேண்டுமானால் ரிக் பிட்டினோவின் கதையைப் பாருங்கள். ஒரே மனிதர் இரண்டு முறை என்பிஏவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். முதல்முறை 1987இல் நியூயார்க் நிக்ஸ். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பொது மேலாளர் அல் பியாங்கியிடம் இருந்தது, பிட்டினோ பயிற்சி மட்டும் கொடுத்தார். முதல் பருவத்தில் 38 வெற்றி, அடுத்த பருவத்தில் 52. எதிரணியை மைதானம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் அவருடைய புகழ்பெற்ற ஃபுல்கோர்ட் பிரஸ் அங்கேயும் பலித்தது. பியாங்கியோடு ஒத்துப்போகாமல் கென்டக்கிக்குப் போனார், 1996இல் தேசியப் பட்டம் வென்றார். 1997இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அழைத்தபோது பயிற்சியாளர் பதவியோடு அணி நிர்வாகத் தலைவர் பதவியும், ஆட்களை எடுக்கும் அதிகாரமும் அவர் கைக்கு வந்தன.

அங்கேதான் கல்லூரிப் பழக்கம் அவர் காலை வாரியது. கல்லூரியில் ஆட்களைத் தேடிப்பிடிப்பதும் பயிற்சி கொடுப்பதும் ஒரே ஆளின் வேலை. இந்த வருடம் சரியாக வராதவனுக்குப் பதில் அடுத்த வருடம் இன்னொருவன் வருவான். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் வருடாந்திரத் தேர்வில் (டிராஃப்ட்) பாஸ்டன் மூன்றாவது தேர்வாக எடுத்த சான்சி பில்லப்ஸ் என்ற இளைஞர் 51 ஆட்டங்கள் ஆடியிருந்தபோது, பிட்டினோ பொறுமை இழந்து அவரை டொரோன்டோவுக்கு மாற்றிவிட்டார். அந்தப் பில்லப்ஸ்தான் 2004இல் டெட்ராய்ட் பட்டம் வென்றபோது இறுதிச்சுற்றின் மிகச்சிறந்த ஆட்டக்காரர். முந்தைய பருவத்தில் 15 ஆட்டங்கள் மட்டும் வென்றிருந்த பாஸ்டன் முதல் வருடம் 36 வென்றது, பிறகு அதே இடத்தில் நின்றது. 102 வெற்றி, 146 தோல்வி என்ற கணக்கோடு 2001 ஜனவரியில் பிட்டினோ விலகினார்.

கூடைப்பந்து அறிவு நியூயார்க்கில் இருந்து பாஸ்டனுக்குப் போகும் வழியில் குறைந்துவிடவில்லை. நாற்காலிதான் மாறியது. கல்லூரிப் பயிற்சியாளர் தோற்பது பெரும்பாலும் உத்தியால் அல்ல, அதிகாரம் எங்கே இருக்கிறது என்று புரியாததால் என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரியில் எல்லாக் கடிவாளமும் பயிற்சியாளர் கையில். பதினெட்டு வயதுப் பையனை வீட்டுக்கே போய்ப் பார்த்து, பெற்றோரிடம் பேசி அழைத்துவருகிறார். யார் எத்தனை நிமிடம் ஆடுவது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். பையன் ஓரிரு வருடங்களிலோ நான்கு வருடங்களிலோ போய்விடுவான், பயிற்சியாளர் இருபது வருடம் அதே அரங்கில் இருப்பார், அரங்கத் தரையில் அவர் பெயரையே எழுதிவைக்கிறார்கள். என்பிஏவில் இது தலைகீழ். நட்சத்திர ஆட்டக்காரர் நான்கைந்து வருட ஒப்பந்தத்தில், வருடத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் உறுதியான சம்பளத்தில் இருக்கிறார். அவருக்கு முகவர் உண்டு, உரிமையாளரிடம் நேரடியாகப் பேசும் வழியும் உண்டு. அணி தோற்றுக்கொண்டே இருந்தால் பதினைந்து பேரையும் மாற்றுவது நடக்காத காரியம். ஒருவரை மாற்றலாம், அந்த ஒருவர் பயிற்சியாளர்தான். லாக்கர் அறையில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அதட்டல் அங்கே செல்லுபடியாகாது.

ஜான் பீலைனுக்கு நடந்தது இதற்கு மிகத் தெளிவான உதாரணம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தை 2013, 2018 இரண்டு முறை தேசிய இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர். வாழ்நாளில் யாருக்கும் உதவிப் பயிற்சியாளராக இருந்ததில்லை, எல்லா நிலையிலும் தலைமைப் பொறுப்புதான். 2019இல் 66 வயதில் கிளீவ்லாண்ட் கவாலியர்ஸ் அணிக்கு வந்தார். அடிப்படைப் பயிற்சிகளும் நீண்ட வீடியோ வகுப்புகளும் கல்லூரி மாணவர்களை நடத்துவதுபோல இருப்பதாக ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பது சில வாரங்களிலேயே பத்திரிகைகளில் வந்துவிட்டது. 14 வெற்றி, 40 தோல்வி; 2020 பிப்ரவரியில் விலகினார். மிச்சிகனில் கடைசி இரண்டு பருவங்களையும் சேர்த்து அவர் தோற்றது 15 ஆட்டங்கள். கிளீவ்லாண்டில் நான்கே மாதத்தில் நாற்பது. தோல்வியே பழகாத மனிதருக்கு இது என்ன செய்யும் என்பதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. தூக்கம் போகும், பேச்சில் பொறுமை போகும், அதை ஆட்டக்காரர்கள் உடனே கவனிப்பார்கள்.

உத்தி ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் தினமும் வெட்டித்தரும் காட்சிகளிலேயே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் உங்கள் உயரமான ஆட்டக்காரர் கூடைக்குக் கீழே நின்றுகொண்டு உள்ளே வருபவர்களை எல்லாம் தடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். என்பிஏவில் யாரையும் நெருங்கிக் காக்காமல் அந்தப் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் தவறு, எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு. ஆகவே அவர் ஒரு கால் வெளியே வைத்து, திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே போக வேண்டும். அவர் வெளியே கால் வைக்கும் அந்த நொடிக்காகத்தான் பந்து வைத்திருப்பவர் காத்திருப்பார். மூன்று புள்ளிக் கோடும் கல்லூரியில் இருப்பதைவிட மேல்பகுதியில் ஒன்றரை அடிக்கும் மேல் தள்ளி இருக்கிறது, அதனால் காக்க வேண்டிய இடம் பெரிது. பந்தைக் கூடையை நோக்கி எறிய வேண்டிய நேரக்கெடு (ஷாட் கிளாக்) 30 விநாடி அல்ல, 24. ஓரத்தில் நின்று ஒவ்வொரு நகர்வையும் கைச்சாடையில் சொல்லிக்கொடுக்கும் பழக்கமுள்ளவருக்கு அந்த ஆறு விநாடி பெரிய இழப்பு.

இவையெல்லாம் ஒரு கோடைக்காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்றுக்கொள்ளக் கடினமானது நாட்காட்டி. கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம், நடுவில் பயிற்சி. நல்ல பயிற்சியாளர் ஆட்டத்தை வெல்வது அந்தப் பயிற்சி நாட்களில்தான். என்பிஏவில் ஆறு மாதத்தில் 82 ஆட்டம், அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு ஊர். பருவம் தொடங்கிய பிறகு முழுப் பயிற்சி என்பது குதிரைக் கொம்பு. அவருடைய மிகச்சிறந்த ஆயுதத்தை நவம்பரிலேயே பறித்துவிடுகிறார்கள்.

தாக்குப்பிடித்தவர்களும் இருக்கிறார்கள். பட்லர் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடத்தில் 49 ஆட்டங்கள் மட்டுமே தோற்றிருந்த பிராட் ஸ்டீவன்ஸ், 2013இல் பாஸ்டன் வந்த முதல் பருவத்திலேயே 57 தோற்றார். ஆனால் அவர் கையில் ஆறு வருட ஒப்பந்தம் இருந்தது. மூத்த நட்சத்திரங்களான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினுக்கு அனுப்பி எதிர்கால டிராஃப்ட் தேர்வுகளைச் சேர்த்துக்கொண்டிருந்த அணி நிர்வாகி டேனி ஐஞ்ச், அந்தத் தோல்விகளை முன்கூட்டியே கணக்கில் வைத்திருந்தார். ஆட்களை எடுப்பது ஐஞ்ச், ஆட வைப்பது ஸ்டீவன்ஸ். 2017, 2018, 2020 மூன்று வருடங்களிலும் பாஸ்டன் என்பிஏவின் கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றுக்குப் போனது. ஃபுளோரிடாவுக்கு இரண்டு பட்டம் வாங்கித்தந்த பில்லி டோனவன் 2015இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனபோது நட்சத்திரங்களான டுரான்ட்டும் வெஸ்ட்புரூக்கும் அங்கே இருந்தார்கள். முதல் பருவத்தில் 55 வெற்றி. இரண்டு பட்டங்களையும் (கல்லூரி 1988, என்பிஏ 2004) வென்ற ஒரே பயிற்சியாளரான லாரி பிரவுன், கல்லூரிப் பட்டம் வென்ற கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே தொழில்முறை அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

ஆக, உங்கள் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது: ஆட்களை யார் எடுப்பார்? அவர் "நானே" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான். ஒப்பந்தம் எத்தனை வருடம், முதல் இரண்டு வருடத் தோல்வியை உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டாரா என்பதையும் கேளுங்கள். என்பிஏவில் பல வருடம் இருந்த ஓர் உதவிப் பயிற்சியாளரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கிறாரா என்பதையும் பாருங்கள். அவருக்குச் சாதகமாக ஒன்று உண்டு. 2021க்குப் பிறகு கல்லூரி ஆட்டக்காரர்கள் எளிதாக அணி மாறுகிறார்கள், பணமும் வாங்குகிறார்கள். இன்றைய கல்லூரிப் பயிற்சியாளர் முகவர்களோடு பேரம் பேசப் பழகியவர். பீலைனைவிட அவருக்கு அதிர்ச்சி குறைவாகவே இருக்கும்.

இனி உங்கள் விஷயம். பிட்டினோ கென்டக்கியிலிருந்து பாஸ்டன் போனபோது, அங்கே மாணவ மேலாளராக இருந்த ஓர் இளைஞரை வீடியோ பிரிவுக்கு அழைத்துப்போனார். பெயர் ஃபிராங்க் வோகல். பிட்டினோ விலகிய பிறகும் வோகல் அங்கேயே இருந்தார். பிட்டினோவின் இடத்துக்கு வந்த ஜிம் ஓ'பிரையன் அவரை உதவிப் பயிற்சியாளராக உயர்த்தினார். 2020இல் லேக்கர்ஸ் பட்டம் வென்றபோது தலைமைப் பயிற்சியாளர் அந்த வோகல்தான். மயாமிக்கு 2012, 2013 பட்டங்களை வாங்கித்தந்த எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் 1995இல் அதே அணியின் வீடியோ அறையில் தொடங்கியவர். தலைவர் தோற்றாலும் வீடியோ அறைக்காரர் தப்பிக்கலாம். அதற்கு நீங்கள் பயிற்சியாளரின் ஆளாக மட்டும் இருக்கக்கூடாது; அணியின் தரவுப் பிரிவுக்கும் மேலாளர் அலுவலகத்துக்கும் முதல் மாதத்திலிருந்தே பயன்பட வேண்டும். ஒப்பந்தம் அணியோடு, குறைந்தது இரண்டு வருடத்துக்கு இருக்கட்டும்.

என்னை உண்மையில் யோசிக்கவைப்பது உங்கள் விசா. வருடத்துக்கு இத்தனை எச்-1பி விசாதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு; பல்கலைக்கழகங்கள் அதற்கு வெளியே உள்ளவை. என்பிஏ அணிகள் தனியார் நிறுவனங்கள், உச்சவரம்புக்கு உள்ளே வருபவை. இதுவரை நீங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லையென்றால், வேலை மாற வழக்கமாகக் குலுக்கலில் தேர்வாக வேண்டும். அதற்கான பதிவு மார்ச்சில், வேலை தொடங்குவது அக்டோபர் முதல் தேதியில். பயிற்சியாளர் நியமனங்கள் பெரும்பாலும் மே, ஜூனில் நடப்பதால் இந்த வருடப் பதிவு முடிந்துபோயிருக்கலாம். அங்கே போன பிறகு எல்லோரையும் மொத்தமாக நீக்கினால், அடுத்த வழி தேட அதிகபட்சம் 60 நாள்தான். அழைப்பது டொரோன்டோ என்றால் அது கனடா, சட்டமே வேறு. பயிற்சியாளரிடம் "வருகிறேன்" என்று சொல்லுமுன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். பழைய விண்ணப்பத்தின் ஒப்புதல் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.