யூனியா, சம்பளத்தோடு ஆய்வுக்கூடமா? ஓர் அம்மாவின் 18,000 பவுண்ட் கேள்வி

கேள்வி: வணக்கம் அக்கா, ஹாரோவில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு 18 வயது. ஏ லெவலில் கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ். லண்டனில் ஒரு யூனியில் (பல்கலைக்கழகத்தில்) கெமிஸ்ட்ரிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் இருந்தே போய்வரலாம். அதே நேரம் ஸ்டீவனேஜில் ஒரு மருந்து நிறுவனம், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபடியே ஐந்து வருடத்தில் டிகிரி முடிக்கும் அப்ரென்டிஸ்ஷிப் தருவதாகச் சொல்கிறது. தொடக்கச் சம்பளம் வருடம் 22,000 பவுண்ட். நான் தனியாகத்தான் பிள்ளையை வளர்க்கிறேன். கேர் ஹோமில் வேலை, வருடம் 24,000 வருகிறது. அவள் படிப்புக்கென்று 18,000 சேர்த்து வைத்திருக்கிறேன். லோன் எடுக்காமல் அதைக் கட்டி யூனிக்கு அனுப்பட்டுமா? "இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை ஏன் வேலைக்கு விடுகிறாய்" என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள்.

பதில்: முதலில் அந்த 18,000. எந்த வழி என்றாலும் அதை ஃபீஸாகக் கட்டாதீர்கள். 2025-26இல் ஒரு வருட ஃபீஸ் 9,535 பவுண்ட். உங்கள் சேமிப்பு இரண்டு வருடத்துக்குக்கூட முழுதாகப் போதாது. மூன்றாம் வருடம் கையில் காசும் இருக்காது, லோனும் எடுக்க வேண்டி வரும்.

நம் ஆட்களுக்குக் கடன் என்றாலே பயம். அரசு தரும் இந்த மாணவர் லோன் வேறு மாதிரி. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு தொடங்கிய மாணவர்களின் லோனுக்கு பிளான் 5 என்று பெயர். வருடச் சம்பளம் 25,000க்கு மேல் போனால்தான், அந்த மேல்பகுதியில் மட்டும் 9 சதவீதம் பிடிப்பார்கள். 30,000 வாங்கினால் மாதம் 37 பவுண்ட் 50 பென்ஸ். வேலை போனால் பிடிப்பும் நின்றுவிடும். 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. வட்டி விலைவாசி அளவுக்குத்தான் ஏறும். யாரும் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. ஆகவே கடனுக்குப் பயந்து மட்டும் அப்ரென்டிஸ்ஷிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதைத் தேர்ந்தெடுக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

கணக்குப் போடுவோம். 22,000இல் வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் போகக் கைக்கு வருவது வருடம் ஏறக்குறைய 19,360, மாதம் 1,613. ஃபீஸ் அவள் கட்ட வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் இருந்து பெரிய நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் அரை சதவீதம் லெவி (அப்ரென்டிஸ் பயிற்சிக்கான வரி) கட்டுகின்றன, பயிற்சிச் செலவு அதிலிருந்து போகிறது. பலர் இங்கே மூன்று வருட யூனியை ஐந்து வருட அப்ரென்டிஸ்ஷிப்போடு ஒப்பிட்டுக் குழம்புவார்கள். இரண்டு பக்கமும் ஐந்து வருடம் எடுங்கள். சம்பளம் மெல்ல 28,000 வரை ஏறும், சராசரி 25,000 என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருடத்தில் கைக்கு வருவது சுமார் 1,07,600. யூனிக்குப் போனால் மூன்று வருடம் வாழ்க்கைச் செலவு லோன். உங்கள் வருமானத்துக்கு, வீட்டில் இருந்து படிப்பவர்களுக்கான முழுத்தொகை, 2025-26 கணக்கில் வருடம் 8,877, கிடைக்கும். பிறகு இரண்டு வருடம் 29,000 சம்பளத்தில் வேலை என்று வையுங்கள். மொத்தம் சுமார் 74,700. கையில் 33,000 குறைவு, தலையில் 55,000 கடன். சம்பள எண்கள் என் ஊகம்தான், கொஞ்சம் கூடிக் குறையலாம். ஆனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது மாறாது.

சம்பளத்தில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் வருடம் முடிந்த அப்ரென்டிஸுக்கு அவர் வயதுக்குரிய குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 21 வயதுக்கு அது 2025-26இல் மணிக்கு 12.21 பவுண்ட். வாரம் 37 மணி என்றால் வருடம் 23,492. அதாவது 22,000இலேயே அவளை நிறுத்தி வைக்கச் சட்டம் விடாது. "ஒவ்வொரு வருடமும் எவ்வளவு கூடும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, இந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் இப்படித்தான் படிக்கிறான். பகலில் திரவம் அளந்தெடுக்கும் பிபெட், கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி இயந்திரம், ஒவ்வொரு அளவையும் தேதி போட்டு லேப் நோட்டில் எழுதிக் கையெழுத்து. வாரத்தில் ஒரு நாள் படிப்புக்கென்று விடுகிறார்கள். அந்த ஒரு நாள் போதவே போதாது. நண்பர்கள் வெளியே போகும் ஞாயிறு மாலையில் அவன் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருப்பான். கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. சட்டப்படி வருடத்துக்கு 28 நாள் லீவு, அதிலும் பாங்க் ஹாலிடே சேர்த்து எண்ணலாம். ஆகஸ்டில் ஆறு வாரம் யாழ்ப்பாணம் போய் நிற்பதெல்லாம் முடிந்த கதை. அவன் அலுத்துக்கொள்கிறான், ஆனால் விட்டுவிட நினைக்கவில்லை. காலையில் லெக்சரில் பார்த்த விஷயத்தை அடுத்த நாள் இயந்திரத்தில் கையால் செய்வது பிடித்திருக்கிறது என்கிறான்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு பதில்: இது யூனி பட்டமேதான். மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன், நாட்டிங்ஹாம் ட்ரென்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் இப்படி பிஎஸ்சி தருகின்றன.

ஒரே ஓர் இடத்தில் நான் யூனி பக்கம் சாய்வேன். அவளுக்கு பிஎச்டி, சொந்த ஆராய்ச்சி என்று ஆசை இருந்தால் நேரே யூனிக்குப் போவது வேகமான வழி. பிஎச்டி மாணவருக்கு அரசு ஆராய்ச்சி நிதியில் 2025-26க்கு 20,780 பவுண்ட் வரியில்லாத உதவித்தொகை உண்டு, பணக் கஷ்டம் அவ்வளவு இல்லை. அப்ரென்டிஸ்ஷிப் முடித்தும் பிஎச்டி போகலாம், ஆனால் தொடங்கவே 23 வயதாகிவிடும். பிறகு கம்பெனி மாஸ்டர்ஸும் செய்ய வைக்கும் என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம்: 2026 ஜனவரியில் இருந்து மாஸ்டர்ஸ் நிலை அப்ரென்டிஸ்ஷிப்புக்கான அரசு நிதி பொதுவாக 21 வயது வரைதான்.

அந்த ஆசை இல்லை என்றால் ஸ்டீவனேஜுக்கே அனுப்புங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் வரை யூனி இடத்தை விட வேண்டாம். இடையில் விலகினால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், ஏன் என்று கேளுங்கள். பயிற்சிச் செலவை அப்ரென்டிஸிடம் வாங்கக்கூடாது என்பதுதான் அரசு நிதி விதி, விலகினாலும்கூட. அப்புறம் ரயில். 16–25 ரயில்கார்டு (இளையோருக்கான சலுகை அட்டை) சீசன் டிக்கெட்டுக்குச் செல்லாது, காலை நேரத்தில் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. ஹாரோவில் இருந்து கிங்ஸ் கிராஸ் போய் அங்கிருந்து ஸ்டீவனேஜ்: மாதச் செலவை அவளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அங்கேயே அறை எடுப்பது மலிவாக வந்தாலும் வரலாம்.

சம்பளம் வந்ததும் இரண்டு வேலை. 22 வயதுக்குக் கீழே இருப்பதால் பென்ஷனில் தானாகச் சேர்க்க மாட்டார்கள். அவளே எழுதிக் கேட்டுச் சேரலாம், கேட்டால் நிறுவனமும் பங்கு போட்டே ஆக வேண்டும். குறைந்தபட்ச விகிதத்தில் அவள் கையிலிருந்து போவது மாதம் 53 பவுண்டுக்குள், கணக்கில் விழுவது 105. அடுத்தது லைஃப்டைம் ஐசா, முதல் வீட்டுக்கோ முதுமைக்கோ சேர்க்கும் கணக்கு: வருடம் 4,000 வரை போட்டால் அரசு 25 சதவீதம் சேர்க்கும். முதல் வீடு 4,50,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும்; 60 வயதுக்கு முன் வேறு எதற்காவது எடுத்தால் பொதுவாகப் போட்ட முதலிலும் கொஞ்சம் போகும். "நல்ல சீட்டு ஒன்று இருக்கு" என்று யாராவது வருவார்கள். அதற்கு முன்னால் இதைத் திறந்துவிடுங்கள். உங்கள் 18,000இல் ஆறு மாதச் செலவை உங்கள் பெயரிலேயே, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, உங்களை நேரே தொடும் ஒன்று. நீங்கள் தனி ஆளாக இருப்பதால் கவுன்சில் வரியில் (உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) 25 சதவீதம் கழிவு கிடைக்கும். மகள் முழுநேர மாணவி என்றால் அது தொடரும். வாரம் 195 பவுண்டுக்கு மேல் வாங்கும் அப்ரென்டிஸ் என்றால் அவள் பெரியவராகக் கணக்கில் வருவாள், கழிவு போய்விடும். வருட வரி 2,000 என்றால் 500 கூடும். அதை அவள் சம்பளத்தில் இருந்து தரச் சொல்வதில் தவறே இல்லை. வேலை தொடங்கிய உடனே கவுன்சிலுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்; அவர்கள் பிறகு கண்டுபிடித்தால் பழைய பாக்கியோடு பில் வரும். பிள்ளைக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் எந்த வழியில் போனாலும் நின்றுபோகும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.