‘ஃபார் யூ’ எல்பி: பழைய பிரதியா, புதிய அச்சா?

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறோம். ஒரு காபிக் கடையில் கேட்ட ‘ஸ்பார்க்கிள்’ பாட்டு என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாடியவர் தாட்சுரோ யமாஷிடா என்று கடைக்காரர் சொன்னார். மாதச் சந்தா கட்டும் செயலியில் தேடினால் மற்றவர்கள் பாடியதுதான் வருகிறது. பிறந்தநாளுக்கு அந்தப் பாட்டு இருக்கும் ‘ஃபார் யூ’ ஆல்பத்தின் எல்பி இசைத்தட்டைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பழைய ரெக்கார்டு கடையில் 1982-ஆம் ஆண்டுப் பிரதி 9,800 யென். புது அச்சு அதில் பாதி விலைகூட இல்லை. இணையத்தில் தனிநபர் ஒருவர் பழையதையே 5,000 யென்னுக்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: புது அச்சை வாங்குங்கள். கேட்பதற்காக வாங்குகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

செயலியில் கிடைக்காததற்குக் காரணம் பாடகர் யமாஷிடாவேதான். பாட்டை உருவாக்குவதில் பங்கில்லாதவர்கள் அதைப் பரப்பி லாபம் எடுக்கிறார்கள், அதனால் அநேகமாகச் சாகும்வரை ஸ்ட்ரீமிங் பக்கம் போகமாட்டேன் என்று 2022-இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். 11 வருடம் கழித்து அந்த ஆண்டு வந்த ‘சாஃப்ட்லி’ ஆல்பத்தைக்கூட சிடி, எல்பி, கேசட் என்றுதான் விட்டார். ஆகவே காசு கொடுத்துத் தட்டாக வாங்குவதுதான் வழி. அதனால்தான் பழைய பிரதிகளுக்கு இவ்வளவு கிராக்கி.

ஆனால் 2023-இல் நிலைமை மாறியது. ஆர்சிஏ, ஏர் என்ற இசை வெளியீட்டு லேபிள்களில் 1976 முதல் 1982 வரை வந்த அவருடைய 8 ஆல்பங்களையும் ஒலியைச் சீர்படுத்தி (ரீமாஸ்டர் செய்து) எல்பியாகவும் கேசட்டாகவும் மறுபடி வெளியிட்டார்கள். மே மாதம் முதலில் வந்ததே ‘ஃபார் யூ’தான். ஐஜின் சுசுகி வரைந்த அதே அட்டை, அதே பாட்டுகள். பழையதில் ஆர்.வி.சி. என்றும் புதியதில் சோனி என்றும் கம்பெனி பெயர் இருக்கும். பார்த்த உடனே பிரித்துவிடலாம்.

அப்படியானால் 9,800 யென் எதற்கு? பெரும்பங்கு ‘ஓபி’க்கு. அட்டையின் இடது ஓரத்தில் சுற்றியிருக்குமே, அந்தக் காகிதப் பட்டைதான். அது கிழியாமல் இருந்தால் விலை ஏறும். சேகரிப்பவர்களுக்கு அது முக்கியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓபி பாடாது.

பழையதுதான் வேண்டும் என்றால் தட்டை வெளியே எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், நிறைய தடவை ஓடிய தட்டு. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ‘ஸ்பார்க்கிள்’ முதல் பக்கத்தின் முதல் பாட்டு. அதாவது தட்டின் வெளி ஓரம். கைபட்டும் வளைந்தும் முதலில் கெடுவது அந்த ஓரம்தான். அதோடு, பாட்டு ஆரம்பிப்பதே அவருடைய டெலிகாஸ்டர் கிதார் தனியாக வெட்டி வெட்டி வாசிப்பதில். அந்த இடத்தில் ஒரு கீறல் இருந்தாலும் ‘டிக் டிக்’ என்று காதில் விழும்.

இணையத்தில் தனிநபரிடம் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இதே மாதிரி ஒரு தட்டைப் படம் பார்த்து வாங்கினேன். பார்சல் வந்ததும் பிரித்து, அட்டை அழகாக இருக்கிறதே என்று ‘பெற்றுக்கொண்டேன்’ பொத்தானை அழுத்திவிட்டேன். ராத்திரி ஊசியை வைத்தால் முதல் பாட்டு முழுக்கக் கரகரப்பு. பொத்தானை அழுத்தியதுமே, அதுவரை விற்பனைத் தளம் வைத்திருந்த பணம் விற்றவருக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் போட்டுக் கேட்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். இன்னொரு விஷயம்: வீடு தேடி வந்து விற்றால் கிடைக்கும் ‘கூலிங் ஆஃப்’ உரிமை, அதாவது மனம் மாறினால் வாங்கியதை ரத்து செய்யும் உரிமை, தபாலில் வரவழைக்கும் பொருளுக்கு ஜப்பானில் கிடையாது. கடை நடத்துபவர் திருப்பி எடுக்கும் நிபந்தனையை எங்கும் போடாவிட்டால் மட்டும், 8 நாளுக்குள் உங்கள் செலவில் திருப்பி அனுப்பலாம். தகராறு என்றால் 188-க்குப் போன் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் நுகர்வோர் மையத்தோடு இணைப்பார்கள்.

மிச்சமாகும் காசில் ‘ஓபஸ்’ சிடி தொகுப்பையும் சேர்த்துக் கொடுங்களேன். 2012-இல் வந்தது, 3 சிடி, 49 பாட்டு. அவர் 1983-இல் ‘மெலடீஸ்’ ஆல்பத்திலிருந்து மூன் என்ற லேபிளுக்கு மாறிவிட்டார், அது இப்போது வார்னர் கையில். அதனால் 2023 வரிசையில் அந்தக் காலத்துப் பாட்டுகள் வரவில்லை. ஜப்பானில் டிசம்பர் வந்தால் எங்கும் கேட்கும் ‘கிறிஸ்மஸ் ஈவ்’கூட ‘மெலடீஸ்’ ஆல்பத்தில்தான் இருக்கிறது. ‘ஓபஸ்’ இரண்டு காலத்தையும் சேர்த்துத் தருகிறது. 1975-இல் ஷுகர் பேப் குழுவில் பாடியதும் உண்டு. பழைய சிடி கடைகளில் தேடிப் பாருங்கள். கணினியில் போட்டுக் கைபேசிக்கு மாற்றிக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் பிரதியை அங்குள்ள சட்டம் அனுமதிக்கிறது, ரயிலில் போகும்போதும் உங்கள் மனைவி கேட்கலாம்.