தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் வழித்தோன்றல்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 1860-இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை எழுதியிருப்பார்கள்.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். முனுசாமிகளும் கோவிந்தன்களும் ஏராளம். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. தந்தை பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள். வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய சித்தூர்ப் பக்கத்தையும் விடாதீர்கள், 1911 வரை அதன் பெரும்பகுதி அந்த ஜில்லாவில்தான் இருந்தது.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே நடந்த திருமணம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளிலும் அந்த எண் வரும். அப்புறம் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள்: அதிலுள்ள மரண அறிவிப்பில் மனைவி, பிள்ளைகள் பெயர்கள் இருக்கும். ஊரில் மறைத்த இரண்டாம் குடும்பம் அங்கே தெரியவரலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் இந்தக் கோப்புகளைத் தேடலாம்.

இதற்கெல்லாம் முன்னால், வீட்டுப் பெரியவர்களிடம் குலதெய்வம் எது, எந்த ஊர்க் கோயில் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஊர்ப்பெயரை மறந்த குடும்பங்கள்கூட அதை நினைவில் வைத்திருக்கின்றன.