வெல்க்ரோ ஒட்டிய நான்கு படங்கள்

அமெரிக்காவில் வட கரோலினாவின் கேரிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஆட்டிசம் உள்ள ஐந்து வயது மகன் தினமும் காலையில் அலறி அழுகிறான், பள்ளியில் 'விஷுவல் ஷெட்யூல்', அதாவது அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசையில் காட்டும் அட்டவணை, வீட்டிலும் வைக்கச் சொல்கிறார்கள், படத்தையே காட்டினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள், தங்கச்சி. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் மகனும் ஐந்து வயதில்தான் இங்கே வந்தான், இப்போது பத்தொன்பது. படம் பேச்சைத் தடுக்காது, தைரியமாக வையுங்கள்.

இந்த முறை வளர்ந்ததே உங்கள் பக்கத்தில்தான். சாப்பல் ஹில்லில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில், உளவியலாளர் எரிக் ஷாப்ளர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'டீச்' திட்டம் 1972-இல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. நாம் சொல்லும் சொல் காற்றோடு போய்விடும். படம் அங்கேயே நிற்கும், பிள்ளை திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் முதலில் இணையத்தில் எடுத்த கார்ட்டூன்களை ஒட்டினேன். அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்புறம் அவனுடைய பச்சை பிரஷ், அவன் தட்டில் இட்லி, வாசலில் கிடக்கும் ஷூ, மஞ்சள் பஸ் என நான்கையும் போனில் படம் பிடித்து, லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ வைத்து, குளியலறைக் கதவில் அவன் கண் உயரத்தில் மேலிருந்து கீழாக ஒட்டினேன். அடியில் 'முடிந்தது' என்று ஓர் உறை. பல் தேய்த்ததும் அட்டையைப் பிய்த்து உறையில் போடுவது அவன் வேலை. வெல்க்ரோ 'சர்ர்' என்று பிரியும் சத்தத்துக்காகவே முதல் வாரம் பல் தேய்த்தான்.

ஆரம்பத்தில் பின்னால் நின்று கையைப் பிடித்து நடத்துங்கள், அதிகம் பேச வேண்டாம். பிறகு கையை மெல்ல எடுத்துவிடுங்கள். வேலைகளை மட்டும் ஒட்டாதீர்கள், ஊஞ்சலும் இருக்கட்டும். பழகிவிட்டானே என்று கழற்றவும் வேண்டாம். நாங்கள் கழற்றினோம், மூன்றாம் நாளே பழைய அழுகை வந்துவிட்டது.

இன்னொன்று, மாற்றத்துக்கு என்று தனி அட்டை வேண்டும். பனி விழுந்தால் இங்கே பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்று விடிகாலையில் செய்தி வரும். அன்றைக்கு பஸ் படத்தின் இடத்தில் அந்த அட்டையை வைக்கலாம். ஆனால் அதை முதலில் நல்ல மாற்றத்தில் பழக்குங்கள், கடைக்குப் பதில் பூங்கா என்பதுபோல.

பள்ளியில் ஐ.இ.பி. (உங்கள் பிள்ளைக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டம்) கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: ஷெட்யூல் அந்த ஆவணத்தில் இடம்பெற வேண்டும், வீட்டிலும் வகுப்பிலும் ஒரே படங்கள் வேண்டும் என்று. ஆங்கிலம் சிரமமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள், கட்டணம் கிடையாது. வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளையின் பேச்சு பின்தங்காது.

சரி, இன்றிரவே பிரஷையும் ஷூவையும் படம் எடுத்துவிடுங்கள். வெல்க்ரோ வரும்வரை செல்லோடேப் போதும்.