சளியில் வரும் ரத்தம் மூக்கிலிருந்துதானா?

கேள்வி: வயது 43. ஓசூரில் ஒரு குரோம் பிளேட்டிங் யூனிட்டில் 16 வருடமாகத் தொட்டி வேலை. இந்தக் கெமிக்கல் ஜீனையே மாற்றி நுரையீரல் கேன்சர் கொண்டுவரும், பிள்ளைகளுக்கும் போகும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. இரண்டு பெண் குழந்தைகள். முடி கொட்டுகிறது, விரல் நுனி மஞ்சளாகிறது, நெஞ்செரிச்சலும் உண்டு. மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும். ஒரு மாதமாக இருமல், சளியிலும் சில நாள் ரத்தம். தினம் ஒரு கட்டு பீடி. ஃபோலிக் ஆசிட், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். மெத்திலேஷன் டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: உங்கள் நுரையீரலில் நடப்பது உங்கள் பெண் குழந்தைகளுக்குப் போகாது. நீங்கள் படித்ததில் பாதி சரி. ஜீனின் தொடக்கத்தில் மெத்தில் என்ற சின்ன வேதித்துண்டு ஒட்டிக்கொண்டால், டிஎன்ஏ எழுத்து மாறாமலே அந்த ஜீன் ஊமையாகிவிடும். செல் பெருகாமல் தடுக்கும் பி16, நகலெடுக்கும்போது வரும் பிழையைத் திருத்தும் எம்எல்எச்1 இரண்டும் இப்படி அடங்கிப்போயிருப்பதை ஜப்பானில் குரோமேட் என்ற குரோமியம் உப்புத் தொழிலாளர்களின் நுரையீரல் கட்டிகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் நுரையீரல் செல்லில் ஒட்டியது விந்தணுவுக்கு ஏறாது. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது ஜீனை அல்ல, சட்டையை. அதை யூனிட்டிலேயே மாற்றிவிட்டு, கைகால் முகம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

பீட்டா கரோட்டினை இன்றே நிறுத்துங்கள். புகைப்பவர்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்கும் அதை வைட்டமின் ஏ-யுடன் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியிருந்தது. கேன்சருக்குப் பயந்து அதையே விலைக்கு வாங்குவானேன்? ஃபோலிக் ஆசிட் போட்டு மெத்திலைச் சரிக்கட்டலாம் என்பதும் இணைய வைத்தியம்தான். மெத்திலேஷன் டெஸ்ட் வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் அடுத்து செய்ய வேண்டியது மாறாது. விரல் மஞ்சள் தொட்டியிலுள்ள குரோமிக் ஆசிட் கறையாக இருக்கலாம். முடியையும் நெஞ்செரிச்சலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘சளியிலும் சில நாள் ரத்தம்’ என்று, அதுதான் விஷயம். தொட்டி வேலை செய்பவர்கள் இதை ‘மூக்கு ரத்தம்தான் உள்ளே இறங்குது’ என்று தள்ளிவிடுகிறார்கள். மூக்கிலிருந்து வழிவது பெரும்பாலும் காறும்போது, கட்டியாகவோ பொருக்காகவோ வரும். இருமலோடு சளியில் கோடு கோடாகக் கலந்து வந்தால் நெஞ்சிலிருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து இதைத் தீர்மானிக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

இந்த வாரமே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். தருமபுரி பக்கமென்றால் அங்குள்ளது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நம் ஊரில் முதலில் காசநோயைப் பார்ப்பார்கள், அது சரிதான். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் டெஸ்ட் வீண். கூடவே எக்ஸ்ரே. கோளாறு நடப்பது இதற்குப் பிறகுதான். சளியில் கிருமி இல்லை என்று வந்தபின்னும் எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்து ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று டிபி மாத்திரை தொடங்கினால், கட்டிக்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்துவிடும். அப்போது சிடி ஸ்கேன் கேளுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக வந்து ரத்தம் நிற்காவிட்டாலும் சிடி வேண்டும்; இதயத்தின் பின்னால் ஒளிந்த கட்டியை எக்ஸ்ரே தவறவிடும். ‘குரோம் தொட்டி, 16 வருடம், பீடி’ என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மெடிக்கலில் இருமல் டானிக் வாங்கி இன்னும் ஒரு மாதம் ஓட்டாதீர்கள். ஒரே நாளில் கால் டம்ளர் ரத்தம் வந்தால் அன்றே அவசரப் பிரிவு.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கின் நடுச்சுவரையும் பார்க்கட்டும். மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்தால் அங்கே ஓட்டை விழுந்திருக்கலாம். ஓட்டை கேன்சர் அல்ல. உங்கள் யூனிட் காற்று எவ்வளவு மோசம் என்று சொல்லும் மீட்டர். மூக்கைத் துளைக்கும் காற்றுதான் நெஞ்சுக்கும் போகிறது. உங்கள் தொட்டியின் குரோமிக் ஆசிடில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 1990-லேயே முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

காற்று ஏன் கெடுகிறது? லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட் உள்ள தொட்டியில் ஓடும் கரண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட முலாமாக மாறுவதில்லை. மீதி பெரும்பாலும் வாயுக் குமிழியாகி மேலே வந்து வெடித்து, ஆசிட்டைப் பனியாகத் தெறிக்கிறது. தொட்டி விளிம்பில் உறிஞ்சும் குழாய் ஓடுகிறதா, குமிழியை அடக்கும் மருந்து போடுகிறார்களா, பிளாஸ்டிக் பந்துகள் மிதக்கின்றனவா என்று பாருங்கள். மேலே சுற்றும் ஃபேன் அந்தப் பனியை உங்கள் முகத்துக்குத்தான் தள்ளும். துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இதற்கு உதவாது. முகத்தில் இறுக்கமாகப் படியும் ரப்பர் அரை முகமூடியில், நுண்துகளையும் தடுக்கும் பி3 வடிகட்டி வேண்டும், தாடி இருந்தால் இடுக்கில் உள்ளே போகும். தொட்டி தொட்ட கையால் பீடி பற்றவைத்தால் ஆசிட்டும் சேர்ந்து உள்ளே போகும். பீடியை விடத் தேதி குறிக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போகும் அன்றே விடுங்கள்.