சிக்னல் இல்லாதபோது ஓடும் டைனோசர்

மாங்குளத்தைத் தாண்டிச் சிக்னல் அறுந்ததும் குரோம் உலாவியில் தோன்றும் டைனோசர் விளையாட்டு, டேட்டாவைச் செலவழிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். செலவழிக்காது. 2014 இல் கூகுள் சேர்த்த அவ்விளையாட்டு உலாவியோடு சேர்ந்தே கைப்பேசிக்குள் வந்துவிடுவதால், துணுக்காய் வீதியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளையும் ஒரு சதம் செலவின்றி அதை விளையாடலாம். டைனோசரைத் தொட்டால் அது ஓடத் தொடங்கும். கள்ளிகளைத் தாண்டவேண்டும், வேகம் கூடக்கூடப் பறக்கும் ஊர்வனவும் குறுக்கே வரும், 700 புள்ளிகளில் திரை இரவாகும். இணையமற்றிருப்பது வரலாற்றுக்கு முந்திய காலத்துக்குத் திரும்புவதைப் போன்றது என்ற எண்ணத்திலேயே அதன் உருவாக்குநர்கள் டைனோசரைத் தேர்ந்தார்கள். விளம்பரமோ கட்டணமோ இல்லாமல், காத்திருக்கும் நேரத்தை இவ்வளவு நேர்மையாக நிரப்பும் விளையாட்டுகள் அரிது என்றே நான் கருதுகிறேன். சிக்னல் உள்ள இடத்திலும் விளையாட விரும்பினால், கைப்பேசியை விமானப் பயன்முறையில் இட்டு, ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும்.