பணம் அனுப்பும் முன் ஒரு போன்

கேள்வி: எங்கள் நிறுவனப் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு செய்து சில வாரங்கள்தான் ஆகின்றன. முத்திரை, எங்கள் லோகோ, பதிவு எண் எல்லாம் அச்சிட்டு, ‘சர்வதேசப் பதிவேடு’ என்ற பெயரில் ஒரு பில் வந்தது. கணக்கு பார்ப்பவர் கட்டிவிட்டார். அதற்கும் அரசு அலுவலகத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். எங்கள் விவரத்தை யார் கொடுத்திருப்பார்கள்?

பதில்: யாரும் கொடுக்க வேண்டியதே இல்லை. டிரேட்மார்க் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது, உரிமையாளர் பெயர், எண், தேதி எல்லாம் அதிலேயே கிடைக்கும், அதைப் பார்த்துத்தான் புதிதாகப் பதிவு செய்தவர்களுக்கு பில் அடித்து அனுப்புகிறார்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பே இதைப் பற்றி எச்சரித்து, இப்படி வந்த கடிதங்களின் மாதிரிகளையும் வெளியிட்டிருக்கிறது. அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்து அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘எங்கள் பட்டியலில் சேர அழைக்கிறோம்’ என்கிற மாதிரி ஒரு வரி அநேகமாக இருக்கும். வழக்கு வந்தால் தப்பிக்க அதைத்தான் காட்டுவார்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், சேவை வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள், பதிவு அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பெரும்பாலான நாடுகளில் 10 ஆண்டுக்கு ஒருமுறைதான் டிரேட்மார்க்கைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே ‘புதுப்பிப்புக் கட்டணம்’ என்று எது வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பல வருடமாகச் சரக்கு தரும் சப்ளையரிடமிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதுக் கணக்கில் போடுங்கள் என்று மெயில். பழைய மெயில் தொடரிலேயே வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: போன் செய்து கேட்காமல் ஒரு காசு அனுப்பாதீர்கள். மெயிலில் கொடுத்திருக்கும் எண் வேண்டாம், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள். பழைய தொடரில் வந்தது எதற்கும் அத்தாட்சி ஆகாது, சப்ளையரின் மெயில் கணக்குக்குள் யாராவது புகுந்திருந்தால் அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து, எந்த பில் எப்போது வரும், நீங்கள் ஒருவரையொருவர் எப்படி அழைப்பீர்கள் என்பதுவரை தெரிந்துகொண்டுதான் எழுதுவார். சிறு தொகை அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மோசடிக்காரருக்கும் அது போய்ச் சேரும், ‘வந்துவிட்டது, நன்றி’ என்று அவரே பதிலும் போடுவார்.

இதில் பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற வித்தியாசமே கிடையாது. தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர், கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் உண்மையிலேயே சப்ளையர். லித்துவேனியாக்காரர் ஒருவர் அதே பெயரில் லாத்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, 2013 முதல் 2015 வரை போலி பில்களை அனுப்பி, இரண்டு நிறுவனங்களிடமும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019-இல்தான் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பெயர் பழகிய பெயராக இருந்ததுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கிற விஷயம். ஏமாந்த ஊழியரை எல்லோர் முன்னாலும் திட்டி வேலையைவிட்டு அனுப்புகிற முதலாளிகள் இருக்கிறார்கள். அடுத்த முறை தவறு நடந்தால் யார் வாய் திறப்பார்கள்? அனுப்பிய பணத்தை வங்கி நிறுத்திப் பிடிக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான், பயத்தில் மறைத்தால் அந்த நேரமும் போய்விடும். கணக்கு எண் மாற்றத்துக்கு இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள், ‘முதலாளி அவசரம் என்கிறார்’ என்று மெயில் வந்தாலும்கூட ஊழியர் உங்களையே கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: போட்டியாளர் எங்கள் பெயரைப் போலவே பெயர் வைத்து, எங்கள் பொருள் தரமற்றது என்று பொய்யும் பரப்புகிறார். என்ன செய்வது?

பதில்: குழப்பம் உண்டாக்குவது, போட்டியாளரைப் பற்றிப் பொய் சொல்வது இரண்டுமே டிரேட்மார்க், காப்புரிமை போன்றவற்றுக்காக நாடுகள் 1883-இல் செய்துகொண்டு பின்னர் திருத்திய பாரிஸ் உடன்படிக்கையில் நேர்மையற்ற போட்டி என்று பெயர் சொல்லியே தடுக்கப்பட்டவை. பதிலுக்குப் பொதுவெளியில் சண்டைக்குப் போகாதீர்கள், அது உங்கள் வழக்கைத்தான் பலவீனமாக்கும். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர் விளம்பரங்களைச் சேர்த்துவையுங்கள். முக்கியமாக, அவர் பொருளை உங்களுடையது என்று நினைத்து வாடிக்கையாளர் யாராவது புகார் எழுதியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், குழப்பம் நடந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்புவார், பல சமயம் அதோடு நின்றுவிடும்.